555 புத்தகத்தில் ஒரு கூடைப்பந்து அணி

ஜூலை முதல் தேதி காலை ஆறு மணிக்கு மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் விடிந்திருக்காது. ஏழைத் தாண்டினால்தான் வெளிச்சம். அந்த இருட்டில், பல்கூடத் துலக்காமல், அடுப்படியில் கைப்பேசியும் கையுமாக நின்றுகொண்டிருப்பேன். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது ஜூன் 30, மாலை ஆறு. வேறு அணிகளில் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களோடு, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகள் பேரம் பேசலாம் என்று கதவு திறக்கிற நேரம். 2018 வரைக்கும் அவர்கள் நள்ளிரவில் திறந்தார்கள். நமக்கு அது நண்பகல், மதியச் சாப்பாட்டோடு பார்த்துவிடலாம். 2019இல் மாலை ஆறுக்கு மாற்றினார்கள். அங்கே உள்ளவர்களுக்குத் தூக்கம் மிச்சம், எனக்குப் போச்சு.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி எடை போடுகிற கிளார்க். குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறும், எடை குறிப்பேன். கொட்டிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பி வரும், மறுபடி குறிப்பேன். கழித்தால் சரக்கு. இருபத்திரண்டு வருடமாக இந்தக் கழித்தல்தான் எனக்குச் சோறு போடுகிறது. அப்படிப்பட்டவன், 2024 ஜூலையில், ஒரு கழித்தல் கணக்கில் கோட்டை விட்டேன்.

தமிழனுக்கு ஏது கூடைப்பந்து என்று கேட்பவர்களுக்கு: கேள்வி நியாயம்தான். தோட்டத்தில் இருந்தவரை எங்களுக்குப் பந்து என்றால் காற்பந்து. பட்டணத்துக்குக் குடிமாறிய பிறகு வீட்டுக்குப் பின்னாலேயே சீனப்பள்ளித் திடல். வேலியில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக என்னை உள்ளே இழுத்தவன் இன்றைக்கு டயர் கடை வைத்திருக்கிறான். ஐந்தடி நான்கு அங்குலத்தில் நான் என்ன ஆடியிருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆட முடியாதவன் கணக்குப் பார்க்க உட்கார்ந்தான், அவ்வளவுதான்.

என்பிஏ ஆட்டக்காரர்களை வைத்து நாங்கள் நடத்துகிற கற்பனை லீக்கில் ஆறு பேர். டயர் கடை நண்பன், லோரி ஓட்டும் என் மச்சான், டியூஷன் வாத்தியார் ஒருவர், தபால் ஆபீசில் இருக்கிற மலாய்க்கார நண்பன், மருந்துக் கடைப் பையன், நான். தோட்டத் தொழிலாளர்களைச் சேர்த்து தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்ட துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. நாலு பேர் சேர்ந்தால் நாங்கள் ஒரு கூட்டு ஆரம்பித்துவிடுவோம். ஆளுக்கு ஐம்பது வெள்ளி (ரிங்கிட்), ஆளுக்கு ஓர் அணி. தொடக்க வருடத்தில் உண்மையான அணிகளின் ஒப்பந்தங்களை அப்படியே எடுத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு அவரவர் சாமர்த்தியம். இப்போது என் அணிக்கும் அமெரிக்காவில் இருக்கிற அணிக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். ஆனால் உச்சவரம்பு விதிகள் அத்தனையும் அங்கே உள்ளபடியேதான். அதில் மட்டும் நாங்கள் கை வைப்பதில்லை. பேரமெல்லாம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில். யார் எத்தனை மணிக்கு எழுதினார் என்பதுதான் சாட்சி.

உச்சவரம்பு என்றால் ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுக்கிற சம்பளத்துக்கு மேலே இழுத்த கோடு. 1984-85இல் அதைக் கொண்டுவந்தபோது 3.6 மில்லியன் டாலர். 2024-25இல் 140.588 மில்லியன். ஆனால் இந்தக் கோடு சுவர் இல்லை, கொடிக்கயிறு மாதிரி. சில பேர் குனிந்து போகலாம். அப்படிப் போக வழிவிடுகிற விதிகளில் பெரியது பேர்ட் உரிமை. பாஸ்டன் ஆட்டக்காரர் லேரி பேர்ட் பெயரால் வந்தது. மூன்று பருவம் உன்னிடமே இருந்த ஆட்டக்காரனை, கோட்டைத் தாண்டியும் நீ மறுபடி எடுத்துக்கொள்ளலாம். வெளியாளை அப்படி எடுக்க முடியாது. அவனுக்குக் கோட்டுக்குக் கீழே இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சின்னச் சின்ன விதிவிலக்குத் தொகைகளுக்குள் அவன் அடங்க வேண்டும்.

அப்படியென்றால் நம் ஆளின் பெயரை எழுதாமல் கணக்கைக் காலியாகக் காட்டி, வெளியாட்களை வாங்கிக் குவித்துவிட்டு, கடைசியில் நம் ஆளை எடுத்துக்கொண்டால் என்ன? அதற்கும் அவர்கள் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் கேப் ஹோல்டு. நாங்கள் பிடிப்புத் தொகை என்போம். அவன் கையெழுத்துப் போடும்வரை, கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்து ஒரு தொகை அவன் பெயரில் உன் கணக்கில் உட்கார்ந்திருக்கும். வேண்டாமென்றால் கைகழுவலாம். பேர்ட் உரிமையும் அதோடு போய்விடும்.

இதில்தான் ரசமே இருக்கிறது. அணிகள் முறைவைத்துப் புதியவர்களை எடுக்கிற தேர்வில், முதல் சுற்றில் தேர்வாகி நான்கு வருடம் ஆடி முடித்த இளம் ஆட்டக்காரனின் சம்பளம் சராசரிக்குக் கீழே இருந்தால், அவனுடைய பிடிப்புத் தொகை அந்தச் சம்பளத்தைப் போல் மூன்று மடங்கு. மூன்று மடங்கு என்றால் மிரட்சியாக இருக்கும். ஆனால் அவன் அடுத்து வாங்கப் போவது ஏழு, எட்டு மடங்காக இருக்கலாம். நடுவில் இருக்கிற அந்த வித்தியாசம் உனக்குக் கொஞ்ச நாளைக்கு இனாமாகக் கிடைக்கிற இடம். அவன் கையெழுத்தைத் தள்ளிப்போடச் சம்மதித்தால் மட்டும்.

2024இல் என் கணக்கு இப்படி இருந்தது. கையெழுத்தான ஒப்பந்தங்கள் 96 மில்லியன். காலி இடங்களுக்கு எழுத வேண்டிய தொகையும் அதில் சேர்த்தி (பன்னிரண்டு பேருக்குக் குறைந்தால் ஆளில்லாத நாற்காலிக்கும் ஒரு சம்பளம் எழுத வேண்டும், ரொம்பக் கறார்). என் சின்னப் பையன் ஒருவன், பந்தைக் கொண்டுபோகிற கார்டு, முந்தின வருடம் 4 மில்லியன் வாங்கினவன். பிடிப்புத் தொகை 12. ஆக 108. கோட்டுக்குக் கீழே 32 மில்லியனுக்கு மேல் இடம். வெளியே ஒரு நல்ல ஃபார்வர்டு, 32க்கு வந்துவிடுவார் போலிருந்தது. முதலில் அவரை எடுத்துவிட்டு, பிறகு என் பையனுக்கு 30 கொடுத்துக் கோட்டைத் தாண்டியிருந்தால் மொத்தம் 158. அளவுக்கு மீறிச் சம்பளம் கொடுத்தால் லீக் போடுகிற ஆடம்பர வரி 170.8க்கு மேல்தான். ஒரு காசு வரி இல்லாமல் இரண்டு பேரும் என் வீட்டில்.

நான் என்ன செய்தேன்? காலை ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு டயர் கடைக்காரன் குழுவில் ஒரு வரி போட்டான்: "மச்சா, உன் கார்டு ரொம்ப அழகா இருக்கான்."

அவ்வளவுதான். கை நடுங்கிவிட்டது. நம்ம பையன், நாம் வளர்த்த பையன், இவன் தூக்கிக்கொண்டு போய்விடுவானோ என்று 30 மில்லியனை எழுதி அனுப்பிவிட்டேன். 6:03. எழுதின பிறகுதான் கூட்டிப் பார்த்தேன். 96ம் 30ம் 126. மிச்சம் பதினாலரை. ஃபார்வர்டுக்கு 32 வேண்டும். 6:10க்கு டயர் கடைக்காரனே அவருக்கு ஏலம் போட்டான் (எதிர்த்துப் போட என்னிடம் இடமில்லை), கூடவே ஒரு சிரிக்கிற முகம்.

இதில் கொடுமை என்னவென்றால், அவன் என் பையனைத் தொட்டிருக்கவே முடியாது. முதல் ஒப்பந்தம் முடித்தவன் கட்டுப்பாடுள்ள ஃப்ரீ ஏஜென்ட். பழைய அணி முறைப்படி ஓர் ஒரு வருட ஒப்பந்தத்தை அவன் முன்னால் வைத்திருந்தால் போதும். அதன்பிறகு வேறு யார் என்ன தொகை காட்டினாலும் அதே தொகையைக் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம். நான் வைத்திருந்தேன். உரிமை என் சட்டைப்பையில் இருந்தது. பயத்தில் பையைத் தடவிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் புலம்பினேன். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. கூடைப்பந்து என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் காசுக் கதை என்றால் காது கொடுப்பாள். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பையன் வேற எங்கயாச்சும் போயிருவானா?"

"போக முடியாதும்மா. அதே காசை நான் கொடுத்தா எனக்குத்தான்."

"வெளியாளு?"

"அவரு நிக்க மாட்டாரு."

"அப்புறம் ஏண்டா தவுக்கே கடைக்கு மொதல்ல கொடுத்தே?"

இந்தக் கேள்வி புரிய நீங்கள் எங்கள் தோட்டத்துக்கு, 1988 வாக்கில் வர வேண்டும். அப்பாவும் அம்மாவும் ரப்பர் பால்வெட்டு. சம்பளம் மாதம் பிறந்து ஏழாம் தேதிக்குள். சம்பள நாளன்று ஆபீசுக்கு வெளியே வியாபாரிகள் தார்ப்பாய் விரித்திருப்பார்கள். அலுமினியப் பானை, பள்ளிக் காலணி, பிள்ளைகளுக்கு உடுப்பு. எல்லாம் ரொக்கம். அந்த ஆட்கள் அடுத்த மாதம் வருவார்களோ மாட்டார்களோ, அவர்களிடம் கடன் பேச்சே கிடையாது. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் தோட்டத்து முனையில் இருந்த தவுக்கே (சீன முதலாளி) கடையில், கடனுக்கு, 555 புத்தகத்தில். உள்ளங்கை அளவு நோட்டு. அட்டையில் பெரிதாக 555. தவுக்கே சீன எழுத்தில் குறிப்பார், அம்மாவுக்கு அது படிக்கத் தெரியாது. அதனால் பழைய மைலோ டின்னுக்குள் ஓர் அட்டையைப் போட்டு, பென்சிலால் தன் கணக்குக்குக் கோடு இழுத்து வைத்திருப்பாள். மாதக் கடைசியில் தவுக்கேயின் எழுத்தும் அம்மாவின் கோடும் பொருந்தாவிட்டால் அன்றைக்குக் கடை முன்னால் கச்சேரிதான்.

சம்பளக் கவர் கைக்கு வந்ததும் அம்மா முதலில் பத்து வெள்ளியை எடுத்து நான்காக மடித்து 555 புத்தகத்துக்குள் வைப்பாள். அதைத் தொடக்கூடாது. அந்தப் பத்து வெள்ளியைக் கொடுத்தால்தான் அடுத்த மாதமும் தவுக்கே கணக்கை நடத்துவார். கடன் அறுபது இருந்தாலும் எழுபது இருந்தாலும் கணக்கு உயிரோடு இருக்கப் பத்து போதும். மீதிக் கையிருப்போடு தார்ப்பாய்க்காரர்களிடம் போவாள். காலணி, பானை எல்லாம் ரொக்கத்துக்கு வாங்கி, கை காலியான பிறகு, கடைசியாகத் தவுக்கே கடை. அங்கேதான் இல்லாத காசுக்கும் சாமான் கிடைக்கும்.

மடித்து வைத்த அந்தப் பத்து வெள்ளிதான் பிடிப்புத் தொகை. தவுக்கே கடைதான் பேர்ட் உரிமை. ரொக்கம் கேட்கிறவனுக்கு முதலில், கடன் தருகிறவனுக்குக் கடைசியில். என் அம்மா மாதா மாதம் செய்த காரியத்தை நான் எக்செல் தாள் வைத்துக்கொண்டு தப்பாகச் செய்திருக்கிறேன்.

அதே ஜூலையில் பிலடெல்பியா அணி இந்தக் காரியத்தை அம்மாவைப் போலவே செய்தது. டைரீஸ் மேக்ஸி 2020இல் இருபத்தொன்றாவது ஆளாகத் தேர்வானவர். 2023-24இல் சம்பளம் சுமார் 4.3 மில்லியன். ஒரு வருடம் முன்னதாகவே புது ஒப்பந்தம் போட்டிருக்கலாம், அணித் தலைமையில் இருந்த டெரில் மோரி போடவில்லை. காத்திரு என்றார்கள். மேக்ஸி காத்திருந்தார். அந்தப் பருவத்திலேயே நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார், அதிக முன்னேற்றம் கண்ட ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். 2024 ஜூலையில் அவருடைய பிடிப்புத் தொகை 13 மில்லியன்தான். புது ஒப்பந்தத்தின் முதல் வருடச் சம்பளமோ 35 மில்லியன். நடுவில் 22 மில்லியன் இடம். அந்த இடம் இருந்ததால்தான் கிளிப்பர்ஸ் அணியிலிருந்து பால் ஜார்ஜை நான்கு வருடம், 212 மில்லியனுக்குக் கொண்டுவர முடிந்தது. அதற்குப் பிறகுதான் மேக்ஸியின் ஐந்து வருட, 204 மில்லியன் ஒப்பந்தம்.

அந்த ஒரு வருடம் காத்திருந்ததை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன். நடுவில் முட்டி போயிருந்தால்? அணிக்கு நட்டம் கொஞ்சம்தான், அவனுக்குத்தான் மொத்தமும். தவுக்கேயும் அப்படித்தான் எங்களுக்காகக் காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போதெல்லாம் அவர் எங்களைக் கொள்ளையடிக்கிறார் என்றுதான் நினைத்தோம். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

பிலடெல்பியாவுக்குக் கணக்கு சரியாக வந்தது, காலம் சரியாக வரவில்லை. 2024-25இல் ஜார்ஜ் ஆடியது 41 ஆட்டம், அணியின் நட்சத்திரம் ஜோயல் எம்பீட் 19. அணி 24 வெற்றி, 58 தோல்வி. டயர் கடைக்காரன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "சரியாச் செஞ்சவன் கதியைப் பார்த்தியா?" என்பான். முட்டியும் காலும் எந்த விதியில் அடங்கும்?

இந்த உச்சவரம்பு எங்கிருந்து வருகிறது என்று மச்சான் ஒருநாள் கேட்டான். லீக்குக்கு வருகிற வருமானத்தில் பாதியளவு ஆட்டக்காரர்களுக்கு என்று தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம், அதிலிருந்து பிறக்கிறது என்றேன். "தாத்தா காலத்து ரப்பர் விலைச் சம்பளம் மாதிரியா?" என்றான். அதேதான். சந்தையில் ரப்பர் ஏறினால் வெட்டுக்கூலி ஏறும், இறங்கினால் இறங்கும். கொரியாச் சண்டையின்போது ரப்பர் விலை எகிறியதைத் தாத்தா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அது விழுந்ததையும்.

என்பிஏவின் கொரியாச் சண்டை 2016. புதுத் தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் வந்து, 70 மில்லியனாக இருந்த கோடு ஒரே தாவில் 94க்கு மேல் போனது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம் என்று லீக் சொன்னது, சங்கம் மறுத்துவிட்டது. எல்லா அணியின் கையிலும் ஒரே நாளில் காசு. சம்பள நாள் சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போனவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். லேக்கர்ஸ் அணி டிமோஃபே மொஸ்கோவுக்கு நான்கு வருடம், 64 மில்லியன் கொடுத்தது. லுவால் டெங்குக்கு 72. இரண்டு வருடத்தில் இரண்டு பேருமே அங்கே இல்லை. அதே கோடையில் கோல்டன் ஸ்டேட் கெவின் டுராண்டை எடுத்தது. அதற்கும் பழைய கணக்கு ஒன்று உதவியது. கணுக்கால் அடிக்கடி போய்க்கொண்டிருந்த நாளில், 2012இல், ஸ்டெஃபன் கரி நான்கு வருடத்துக்கு 44 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரனுக்கு 12 மில்லியன்! கரியின் கணுக்கால்தான் டுராண்டுக்கு இடம் போட்டது. இப்போது வருடத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று விதி.

இன்னொரு சங்கதி, இரண்டாம் ஏப்ரன். சமையல்கட்டு வார்த்தையை ஏன் வைத்தார்களோ. வரிக்கோட்டுக்கும் மேலே, 2024-25இல் 188.9 மில்லியனில் இருந்த கோடு அது. அதைத் தாண்டினால் காசு அபராதம் மட்டும் இல்லை, கையையும் கட்டிவிடுவார்கள். இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை மாற்றி வாங்க முடியாது. பணக்கார முதலாளி, வரிதானே, கட்டுகிறேன் என்று சொல்லித் தப்பிக்கிற காலம் போச்சு. 2024இல் கோப்பை வாங்கிய பாஸ்டனே அடுத்த கோடையில் ஜ்ரூ ஹாலிடேயையும் போர்சிங்கிஸையும் அனுப்பிவிட்டுத்தான் அந்தக் கோட்டுக்குக் கீழே வந்தது.

எங்கள் லீக்கில் இந்தக் கோட்டை முதலில் மிதித்தவர் டியூஷன் வாத்தியார். கோபத்தில் ஓர் ஆட்டக்காரரைக் கழற்றிவிட்டு, மிச்சச் சம்பளத்தை நீட்டிப் போடுகிற விதியைப் பிடித்தார். மிச்ச வருடம் இரண்டு என்றால், இருமடங்கு கூட்டல் ஒன்று, ஐந்து வருடத்துக்குப் பிரித்துக் கட்டலாம். மில்வாக்கி 2025இல் டாமியன் லில்லார்டுக்குச் செய்தது இதைத்தான். குதிகால் தசைநார் அறுந்திருந்தவருக்குத் தர வேண்டிய சுமார் 113 மில்லியனை ஐந்தாகப் பிரித்து, வருடத்துக்கு 22.5 மில்லியன் எழுதிக்கொண்டு, கிடைத்த இடத்தில் இந்தியானாவின் மைல்ஸ் டர்னரை எடுத்தது. லில்லார்டு போர்ட்லண்டுக்குப் போய்விட்டார், மில்வாக்கி கட்டிக்கொண்டிருக்கிறது. கெட்டுப்போன ஐஸ்பெட்டியைத் தூக்கிப் போட்ட பிறகும் தவணை கட்டுகிற வீடுகளை எனக்குத் தெரியும். எங்கள் வீடும் ஒன்று.

2025 ஜூலை முதல் தேதி. உச்சவரம்பு 154.647. என்னிடம் இப்போது ஒரு சென்டர், முதல் ஒப்பந்தம் முடித்த இன்னொரு பையன், பிடிப்புத் தொகை 9 மில்லியன். வெளியே மூன்று புள்ளிக்கு எறிகிற ஒருவர் வேண்டும். முந்தின இரவே கணக்கை எக்செலில் போடாமல், சாமான் கடையில் ஒரு 555 நோட்டு வாங்கி அதில் எழுதினேன். இன்னும் விற்கிறார்கள். முதல் பக்கத்தில் சென்டர் பெயர், பக்கத்தில் 9, அதைச் சுற்றி ஒரு வட்டம்.

ஆறு மணிக்கு வெளியாளுக்கு என் தொகையை எழுதி அனுப்பினேன். எங்கள் விதிப்படி வெளியாள் ஏலம் மறுநாள் காலை ஆறுக்கு முடியும். நம் ஆளுக்கு யாராவது தொகை காட்டினால் பதில் சொல்ல மறுநாள் நள்ளிரவு வரை நேரம். அதையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

6:04. டயர் கடைக்காரன்.

"மச்சா, உன் சென்டரை ஏன் சும்மா விட்டிருக்கே? நான் தூக்கட்டா?"

கோப்பி ஓ ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே அம்மா எழுந்து சாமி விளக்கு ஏற்றுகிற சத்தம். எனக்குக் கை அரிக்கத்தான் செய்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"தூக்கு" என்று எழுதினேன். கைப்பேசியை மோட்டார் கூடைக்குள் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். முதல் குலை லோரி ஏழரைக்கு வந்துவிடும்.